மொட்டைக்குச் சாமி உண்டு, இமைக்கு இல்லை

தலைமுடி கொட்டியபோது நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எங்கள் பக்கம் மொட்டைத் தலைக்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. 'வேண்டுதல்' என்று சொன்னால் போதும். எந்தச் சாமிக்கு என்று கேட்பார்களே தவிர, என்ன நோய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இமைமுடி கொட்டிய அன்றுதான் உட்கார்ந்து அழுதேன். கண்ணிமை முடியை எந்தச் சாமியும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் பெயர் மாதம்மாள். வயது நாற்பத்தெட்டு. இண்டூருக்குப் பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரர் முனியப்பனும் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறோம். கொட்டை போட்டு முளைத்த கன்றின் தலையைச் சீவி, நல்ல ஜாதி மரத்தின் குச்சியை அதில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கி ஒட்டுக் கட்டுவது எங்கள் வேலை. அவர் கட்டியதைவிட நான் கட்டியது அதிகம் பிழைக்கும். அதை அவரே ஒத்துக்கொள்வார், நாலு பேர் இல்லாதபோது.

இடது மார்பில் கட்டியைக் குளிக்கும்போது கண்டுபிடித்தேன். வலியில்லை. வலி இல்லாததால் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மகள் கீர்த்தனா விடவில்லை. தருமபுரியில் காட்டி, பிறகு சேலத்துக்குப் போய் பயாப்சி (கட்டியில் ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தோம். புற்றுநோய் என்று முடிவு வந்தது. அறுவைச் சிகிச்சை, அதன்பின் கீமோதெரபி (புற்றணுக்களைக் கொல்லும் மருந்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றுவது) என்று டாக்டரம்மா வரிசையாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். என் மனம் வேறு ஒரு கணக்கில் இருந்தது.

அதே மாதத்தில்தான் கீர்த்தனாவுக்கு ஒரு ஜாதகம் பொருந்தி வந்திருந்தது. பையன் பாலக்கோட்டுக்காரன், ஓசூரில் கம்பெனி வேலை. என் நாத்தனார் பாப்பாத்தி கொண்டுவந்த சம்பந்தம். கீர்த்தனாவுக்கும் பையனைப் பிடித்திருந்தது. போனை வைத்துவிட்டு அவள் தனியாகச் சிரித்துக்கொள்வதை நானே பார்த்தேன்.

"இந்தா பாரு மாது, வாயத் தொறந்துடாத" என்றார் நாத்தனார். "அம்மாவுக்கு வந்தா பொண்ணுக்கும் வரும்னு ஒரு பேச்சு கெளம்பிச்சுன்னா, அப்புறம் எவனும் நம்ம வாசப்படி ஏற மாட்டான்."

"நான் எதுக்கு அண்ணி சொல்றேன்?" என்றேன். அவர் மேல் பழி போடமாட்டேன். மறைக்க வேண்டும் என்று அவருக்கு முன்பே நான் முடிவு செய்திருந்தேன்.

தலைமுடி கொட்டத் தொடங்கியதும் வீட்டிலேயே மழித்துக்கொண்டு, திருப்பதி வேண்டுதல் என்று சொல்லிவிட்டோம். மறுநாளே பக்கத்து வீட்டு சரோஜா வந்து கையை நீட்டினாள். "லட்டு எங்கக்கா?" மொட்டை இருக்கிறது, லட்டு இல்லை. இப்படி ஒரு ஓட்டை இருப்பது எங்கள் மூன்று பேர் மூளைக்கும் எட்டவில்லை. என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஸ்வீட் கடையில் லட்டு வாங்கி வந்தார். சரோஜா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "பச்சக் கற்பூர வாசமே காணோமே. சாமி சமையக்காரர மாத்திட்டாரா?" என்றாள்.

அதற்கு மறுநாள் காலை அவர் யாரிடமும் சொல்லாமல் திருப்பதிக்குப் பஸ் ஏறினார். மூன்றாம் நாள் திரும்பியபோது அவர் தலையும் மொட்டை, கையில் அசல் லட்டு. "பொய்யி சொன்னோம், சரி. சாமி பேர்ல சொன்ன பொய்ய அப்பிடியே வுடக்கூடாது மாது" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பாலக்கோட்டுக்கும் ஒரு லட்டு அனுப்பிவைத்தோம்.

கீமோ முக்கால்வாசி முடிந்திருந்தது. தை மாதத்தில் ஒரு காலை முகம் துடைத்த துண்டில் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள் கிடந்தன. எறும்பு என்று நினைத்து உதறினேன். நாலு நாளில் மேல் இமை, கீழ் இமை இரண்டும் வழித்துவிட்டதுபோல் ஆயின. புருவமும் முக்கால்வாசி போனது. மொட்டைத் தலையோடு கண்ணாடியில் பார்த்தபோது மாதம்மாள்தான் தெரிந்தாள். இப்போது தெரிந்தது ஒரு நோயாளி.

பென்னாகரத்திலிருந்து வழக்கமாகக் கன்று வாங்க வரும் பெரியவர் ஒருவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒடம்புக்கு என்னம்மா?" என்றார். ஆறு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. "தூசி அலர்ஜிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அலர்ஜி என்று சொன்னது பாதி உண்மைதான். பைகளில் மண்ணும் எருவும் நிரப்பும்போது தூசியெல்லாம் நேராகக் கண்ணுக்குள் போனது. நெற்றி வேர்வை இறங்கி எரித்தது. நாளெல்லாம் கண்ணில் நீர். டாக்டரம்மாவிடம் போய், நாலு வாரத்துக்குள் இமை முளைக்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன்.

"நாலு வாரத்துல என்னம்மா?"

"பொண்ணுக்கு நிச்சயதார்த்தங்க. நான் வந்தவங்க முன்னாடி நிக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். "இமைமுடி அழகுக்கு மட்டும் இல்லம்மா, அது கண்ணுக்கு வேலி. மருந்து முடிஞ்சு ரெண்டு மூணு மாசத்துல பெரும்பாலும் திரும்ப வந்துடும். அதுவரைக்கும் கண்ணாடி போடுங்க, கண் ஈரத்துக்குச் சொட்டு மருந்து தர்றேன். நாலு வாரத்துல முளைக்க வெக்கிற வித்தை என்கிட்ட இல்ல."

வித்தை இல்லை என்றால் விட்டுவிடுகிற ஆளா நான்? அதன்பின் நான் பார்த்த வழிகளை எல்லாம் சொல்கிறேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இதே காலை, இதே துண்டு வந்திருக்கலாம்.

முதலில் விளக்கெண்ணெய். பத்துப் பேரில் பத்துப் பேரும் அதைத்தான் சொல்வார்கள். பஞ்சில் தொட்டு இமையில் தடவினேன். எண்ணெய் கண்ணுக்குள் இறங்கி, ஒரு பகல் முழுக்க எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. இருக்கிற முடியை எண்ணெய் பளபளப்பாகக் காட்டும், இல்லாத முடியை முளைக்க வைக்காது என்றார் டாக்டரம்மா. சரோஜா ஒரு படி மேலே போய், புழுவெட்டுக்குத் தேய்ப்பதுபோல் சின்ன வெங்காயத்தை நறுக்கி இமையில் தேய்க்கச் சொன்னாள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நான் ஒரே ஒரு தடவை செய்தேன். இரண்டு நாள் கண் திறக்கவில்லை. கண் டாக்டரிடம் போய் வாங்கிய திட்டு தனிக்கதை.

அந்தக் கண் டாக்டர்தான் ஒரு சொட்டு மருந்தைப் பற்றிச் சொன்னார். கண் அழுத்த நோய்க்கு (கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடி பார்வையைக் கெடுக்கும் நோய்) கொடுக்கிற மருந்து அது. போட்டுக்கொண்டவர்களுக்கு இமைமுடி நீளமாக வளர்ந்ததாம். ஆனால் இமைத் தோல் கறுக்கலாம், கண் சிவக்கலாம், சிலருக்குக் கருவிழியின் நிறமே மாறலாம், நிறுத்தினால் முடி பழையபடி ஆகிவிடும். மாதக்கணக்கில் போட வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தொடவே கூடாது. "இந்த நேரத்துல உங்களுக்கு வேணாம்" என்று முடித்துவிட்டார். கீர்த்தனா போனில் ஏதோ இமை சீரம் காட்டினாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாட்டிலில் சரியாக எழுதியிருக்கவில்லை. வேண்டாம் என்றேன்.

இமையில் முடி நடுகிற அறுவைச் சிகிச்சையும் உண்டாம். பின்தலையிலிருந்து எடுத்து நடுவார்கள். தலைமுடி அல்லவா, அது இமைக்கு வந்தும் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது வெட்டிவிட வேண்டும் என்றார் டாக்டர். "கவாத்து பண்ணணுமாங்க?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எடுப்பதற்குத் தலையிலும் எனக்கு அப்போது ஒன்றுமில்லை.

கீர்த்தனா என்னைத் தருமபுரியில் ஒரு பியூட்டி பார்லருக்கு அழைத்துப் போனாள். எக்ஸ்டென்ஷன் (சொந்த முடி ஒவ்வொன்றின் மேலும் ஒரு செயற்கை முடியை ஒட்டுவது) வைக்கலாம், வாரக்கணக்கில் நிற்கும் என்று அவள் படித்திருந்தாள். பார்லர் பெண் என் இமையைத் தூக்கிப் பார்த்தாள். "அக்கா, ஒட்டறதுக்கு ஒங்க முடி கொஞ்சமாச்சும் வேணுமே" என்றாள். எனக்கு உடனே புரிந்தது. அடிக்கன்று இல்லாமல் குச்சியை எதில் செருகுவது? அந்தப் பெண் நல்லவள். வேலை நடக்காது என்று தெரிந்தும் உட்காரவைத்து, தோல் மேலேயே ஒட்டுகிற பட்டை இமை ஒரு ஜோடி எடுத்துக் காட்டினாள்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். வெள்ளையணு (கிருமியோடு சண்டை போடும் ரத்த அணு) அளவைப் பார்த்துவிட்டு, ஒருநாள் கூத்துக்குச் சரி என்றார். பசையை முதலில் முழங்கைக்கு உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். அடுத்தவர் போட்டதைப் போடக் கூடாது. தூங்கும் முன் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். கண் சிவந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

ஒட்டுவதில் எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்று கண்ணாடி முன் உட்கார்ந்தேன். முடியவில்லை. கீமோவால் நியூரோபதி (விரல் நுனி நரம்புகள் மரத்துப்போவது) வந்திருந்தது. பட்டையைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. ஒருமுறை மூக்கில் ஒட்டினேன். ஆயிரமாயிரம் கன்று கட்டிய கை இது. தூக்கிப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் அதைப் பொறுக்கி எடுத்து, ஓரத்தில் பிடித்துக்கொண்டு, குச்சியின் கணுவைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உக்காரு. கண்ண மூடு" என்றார். என் இமை அகலத்துக்கு அளந்து, ஓரத்தை நறுக்கி, பசை சற்றுக் காயும்வரை காத்திருந்து, மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தார். அவர் கை எருவும் பீடியும் மணத்தது. இருபத்தாறு வருட வாழ்க்கையில் அவர் என் முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"தொறக்கலாமா?"

"இரு, இரு. ஆட்டிடாத. புடிக்கட்டும்."

திறந்தேன். "அடேங்கப்பா, சினிமாக்காரி தோத்தா" என்றார். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது?

மாசி மாதம் நிச்சயதார்த்தம், எங்கள் வீட்டில். பெண் பார்க்கும் சடங்கை நாத்தனார் வீட்டிலேயே முடித்திருந்தார்கள். அன்று எனக்குக் கீமோ. அம்மாவுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பையன் வீட்டார் என்னைப் பார்ப்பது அதுவே முதல்முறை. கடைசி கீமோ முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இமை, வரைந்த புருவம், பட்டுப்புடவை. தலையில் அரும்பத் தொடங்கிய முடி. வேன் வந்து நின்றது. இருபது பேர் இறங்கினார்கள்.

பையனின் அம்மா கோவிந்தம்மாள் என் வயதுதான். மெலிந்த உடம்பு, அமைதியான பேச்சு. காபித் தட்டை நீட்டியபோது என் முகத்தையே பார்த்தார். "கண்ணு நல்லா இருக்குதுங்க ஒங்களுக்கு. இமை என்னா அடர்த்தி! பொண்ணுக்கும் அதே கண்ணு. இதுல தான் எம்பையன் வுழுந்துட்டான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் என்னைப் பார்த்து ஜெயித்துவிட்டோம் என்று கண்ணைக் காட்டினார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் நர்சரியில் இதுவரை ஒரு கொட்டைக் கன்றைக்கூட ஒட்டுக் கன்று என்று விற்றதில்லை. வாங்கிப் போனவன் நாலைந்து வருடம் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பான். காய் புளித்தால் அந்த நாலைந்து வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? கன்றுக்கே அவ்வளவு யோசித்தவள், பெற்ற பெண்ணைப் பொய் லேபிள் ஒட்டி அனுப்புகிறேனே என்று என் மேலேயே எனக்குக் கோபம் பொங்கியது. இன்றைக்கு இமை. நாளைக்கு மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போவதை எதை ஒட்டி மறைப்பது? அந்த வீட்டில் என் மகள் ஆயுசு முழுக்க எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டு இருப்பாளா?

தட்டைக் கீழே வைத்தேன். ஓரத்தை நகத்தால் கிளப்பி, இரண்டு பட்டையையும் உரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

"இது கடையில வாங்கினதுங்க. எனக்கு மார்ல புத்துநோய். ஆபரேஷன் ஆச்சு, மருந்தும் முடிஞ்சுது. மொட்டையும் வேண்டுதல் இல்ல, மருந்துல போனது. எம்பொண்ணுக்கு நாளைக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியாது. ஒங்க பையனுக்கு என்ன வரும்னு ஒங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சே கட்டிக்கிறதா இருந்தா தட்டு மாத்துங்க."

"ஐயையோ, புத்தி பெரண்டு போச்சா இவளுக்கு?" என்று நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். பையனின் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டபடி எழுந்தார். "வூட்டுக்குப் போயி பேசிட்டுச் சொல்றோங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோவிந்தம்மாள் என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசி ஆளாக வேனில் ஏறினார்.

சமைத்த சாப்பாட்டைத் தெருவுக்கே கொடுத்தோம். "ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம்ல அம்மா? இந்தப் பொடவையக் கட்டிட்டு வந்து நின்னிருக்கவே மாட்டேன்" என்றாள் கீர்த்தனா. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் மட்டும், "நல்லாத்தான் ஒட்டியிருந்தேன்" என்று ஒருமுறை முனகினார். பிறகு, "நீ பேசனது எனக்கு நெஞ்சு நிமுந்து போச்சு மாது" என்றார். மகள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். ஆனாலும் எத்தனை முறை யோசித்தாலும் அந்தப் பட்டையைத் திரும்ப ஒட்டிக்கொள்ள மனம் வரவில்லை.

எட்டு நாள் கழித்து, நர்சரி வாசலில் டவுன் பஸ் நின்றது. கோவிந்தம்மாள் தனியாக இறங்கினார். ரெண்டு மாங்கன்று வேண்டும் என்றார். எந்த ஜாதி என்று கேட்டேன். அவர் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானைக்கு மேல் வலது மார்பில் கையை வைத்தார்.

"எனக்கும் இருக்குதுங்க."

"எத்தன நாளா?"

"ஆடி மாசத்துல இருந்து. பையன் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். வூட்ல யாருக்கும் தெரியாது. அன்னிக்கி நீங்க அத உரிச்சு கையில வெச்சீங்களே, அதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல."

எட்டு மாதம்! எனக்கு வந்த கோபத்தில் சம்பந்தம் பேச வந்தவர் என்றும் பார்க்கவில்லை. "கல்யாணத்தோட கருமாதியும் சேத்து ஒரே செலவா முடிச்சுடலாம்னு இருந்தீங்களா?" என்று கத்தினேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினார். நானும் அழுதேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவரைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

புற்றுதான். ஆனால் அக்குள் நெறிக்கட்டிக்கு (கிருமியையும் கழிவையும் வடிகட்டும் சிறு முடிச்சு) இன்னும் போகவில்லை. பங்குனியில் அறுவைச் சிகிச்சை ஆயிற்று. மயக்கம் தெளிந்து படுக்கையில் கிடந்தபடியே அவர் தன் வீட்டாரிடம் சொன்னாராம்: "என்னய இங்க இழுத்துட்டு வந்தது அந்தப் பொண்ணோட அம்மா. அந்தப் பொண்ணுதான் எனக்கு மருமவ." பெரியப்பா மறுபேச்சுப் பேசவில்லை. இப்போது நோய் இரண்டு பக்கமும் இருந்தது. அடுத்த முகூர்த்தத்தில் தட்டு மாற்றினார்கள்.

கோவிந்தம்மாளுக்குக் கீமோ தொடங்கியபோது, "இமையும் போயிடுமா?" என்று கேட்டார். "போவும். வரும்" என்றேன். அப்போது என் இமையில் அரிசி முனை அளவுக்கு முளைத்திருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பயந்து பயந்து தொட்டார்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஆடியில் என் புது இமைமுடி மறுபடி ஒரே வாரத்தில் கொட்டியது. நோய் திரும்பிவிட்டது என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்ததால் ஒரே நேரத்தில் முதிர்ந்து விழுகிறது, மறுபடி வரும் என்றார் டாக்டரம்மா. அப்படியே வந்தது. உங்களுக்கும் இப்படி நடந்தால் டாக்டரைக் கேளுங்கள், ஆனால் என்னைப்போல் பட்டினி கிடக்காதீர்கள்.

முன்பெல்லாம் கண்ணை மூடித் திறப்பதே எனக்குத் தெரியாது. இப்போது தெரிகிறது. காற்று வரும்போது இமை தானாக முந்திக்கொண்டு மூடுவதை, வேலை செய்துகொண்டே கவனிக்கிறேன். முன்பு அடுத்த மாங்காய்க் காலம் வரை ஒரே மூச்சில் திட்டம் போடுவேன். இப்போது அடுத்த பரிசோதனை வரைதான் போடுகிறேன். அந்தச் சின்ன அளவுக்குள் நிறைய வேலை செய்ய முடிகிறது என்பது எனக்கே ஆச்சரியம்.

ஆவணியில் கல்யாணம். மணப்பெண் அலங்காரத்துக்கு வந்த பார்லர் பெண், பெட்டியைத் திறந்து எனக்கும் கோவிந்தம்மாளுக்கும் பட்டை இமையை நீட்டினாள். எனக்கு வேண்டாம் என்றேன். என்னுடையது பாதிதான் வளர்ந்திருந்தது, அது போதும் என்று இருந்தது. கோவிந்தம்மாளுக்கு அப்போது இமையில் ஒரு முடிகூட இல்லை. அவரும் வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒட்டும்மா. நீளமாவே ஒட்டு" என்றார்.

முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. அவர்கள் பக்கத்து உறவுக்கார அம்மாள் ஒருவர் இவர் முகத்தைத் தூக்கிப் பார்த்து, "இமை எவ்வளவு அழகா இருக்குது கோவிந்தம்மா!" என்றார்.

"இது கடையில வாங்கினது" என்றார் கோவிந்தம்மாள், பந்தி முழுக்கக் கேட்கும்படி. "என்னோடது தை மாசம் வருது."